பூங்காவில் சேலை தொங்கவிட்டவளின் கணக்கு

பொதுப் பூங்காவில் சில வாரங்களுக்கு ஒரு கலைப்படைப்பை வைக்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் திறப்பு நாள் வரைக்கும்தான் கணக்குச் சொல்லித் தருவார்கள். பொருள் செலவு, லாரி வாடகை, பொறியாளர் கட்டணம், காப்புறுதி, திறப்புக்கு வரும் நாலு பேருக்குக் கறிபப். மறுநாளிலிருந்து அது வெயிலிலும் மழையிலும் நின்று, நடக்க வருகிறவர், நாயைக் கூட்டி வருகிறவர், பிள்ளையைத் தள்ளுவண்டியில் தள்ளி வருகிறவர் என்று எல்லாரிடமும் பேச்சு வாங்கும். அந்தக் காலத்துக்கு யார் காசு, யார் அங்கே போய் நிற்பது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. என் கூலி முழுதும் போய், அதற்கு மேல் கைக்காசு கிட்டத்தட்ட 4,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போனது. தூக்கம் போனது. பக்கத்து வீட்டு அக்காவோடு இருந்த பழைய சுமுகமும் கொஞ்சம் போனது. இனி இந்த வேலையில் இறங்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் வாரத்தில் சில நாள் சமூக மன்றங்களில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். மீதி நேரத்தில் அழைப்பிதழ், புத்தக அட்டை என்று சில்லறை வேலைகள். தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் கட்டாமல் கிடக்கும் பழைய சேலைகளைச் சேகரித்து, சிங்கப்பூரில் நகரத்துப் பூங்கா ஒன்றின் புல்வெளியில் சட்டங்களில் தொங்கவிட்டு, மக்கள் ஊடே நடந்துபோகும் ஒரு பாதையாக்க வேண்டும் என்பது என் திட்டம். ஓர் அமைப்பு வெளியிட்ட பொது அழைப்புக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். மொத்தமாக 12,000 வெள்ளி. எல்லாம் அதற்குள்தான், என் கூலி உட்பட. கேட்கும்போது பெரிய தொகையாகத்தான் இருந்தது.

லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் கடை வாசலில் அறிவிப்பு ஒட்ட இடம் கொடுத்தார். மற்றபடி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். நினைத்ததைவிட அதிகமாகவே வந்து குவிந்தது. எழுபதுகளில் சிராங்கூன் சாலையில் வாங்கிய நைலக்ஸ், சின்னாளப்பட்டி, மதுரைச் சுங்குடி, ஜரிகை கறுத்துப்போன காஞ்சிபுரம். யாரும் பையைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. "தஞ்சோங் பகாரில் புளோக் (அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிபோன அன்னைக்கு எங்கம்மா கட்டினது" என்று ஒருவர் ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இங்கேயே ஒன்றைச் செய்துவிடுங்கள். வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் வைத்து, திரும்ப வேண்டுமா வேண்டாமா என்று கொடுப்பவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். திரும்ப வேண்டும் என்று சொல்லும் பொருளை வெளியில் தொங்கவிடவே விடாதீர்கள். அதைப் படமெடுத்து வேறு துணியில் அச்சடித்துத் தொங்கவிடலாம். அசல் வீட்டில் இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அனுமதிப் படலத்தை நீட்டி முழக்கப்போவதில்லை, அதற்கு ஏற்பாட்டாளர்களே ஒரு பட்டியல் தருவார்கள். பட்டியலில் இல்லாததை மட்டும் சொல்கிறேன். புல்வெளியில் குழி தோண்டக் கூடாது, முளை அடிக்கக் கூடாது. கீழே மரவேர், நீர்க்குழாய், மின்கம்பி எல்லாம் ஓடுகின்றன. மரத்தில் கயிறு கட்டுவது பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சட்டம் சாயாமல் நிற்க கான்கிரீட் கட்டைகளைத்தான் பாரமாக வைக்க வேண்டும். அவற்றை இறக்கப் பாரந்தூக்கி உள்ள லாரி வேண்டும். லாரி புல்லில் ஏறக் கூடாது என்பதால் தரையில் விரிக்கப் பலகை வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று போய், கட்டைகளுக்கு மட்டும் 3,000 வெள்ளி ஆனது. சட்டத்துக்கு 3,500. கையெழுத்துப் போட்ட பொறியாளருக்கு 2,000. அவர் நல்ல மனிதர். துணி காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி, மேலே இறுக்கிக் கட்டு, கீழே மட்டும் சன்ன நூலால் கட்டு, காற்று பலமாக அடித்தால் நூல் அறுந்து துணி பறக்கட்டும், சட்டத்தை இழுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு யோசனைக்கே அவருக்குக் கொடுத்த காசு தகும்.

உயரத்தையும் அவர் சொல்லித்தான் குறைத்தேன். ஆள் 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய வேலை என்றால் இங்கே தனி வேலை அனுமதி, பயிற்சி பெற்ற ஆள் என்று விதிகள் கூடிவிடும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். நடுவில் மடித்துப் போட்டால் இரண்டே முக்கால் மீட்டரில் தரையைத் தொடும். அந்த உயரத்துக்கே சட்டத்தை வைத்துக்கொண்டோம். தீப்பிடிக்காமல் இருக்கத் துணியில் ஒரு திரவம் தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தோம். மழையில் அது கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும் என்பது முதல் மழைக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் வாங்கும்போதே கடைக்காரரிடம் வெளியிடத்துக்குத் தாங்குமா என்று கேளுங்கள்.

ஜூலை நடுவில் திறந்தோம். திறப்பு நாளில் வந்தவர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள், நல்லதுதான் சொல்வார்கள். அதை மக்கள் கருத்து என்று நினைக்காதீர்கள். மக்கள் கருத்து மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. நான் போனபோது ஒரு சீன அங்கிள் சட்டத்தின் முன்னால் நின்று, யார் இங்கே துணி காயப்போட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். புளோக் வீடுகளில் மூங்கில் கழியில் துணி தொங்கிப் பார்த்த கண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்? அன்று மாலைக்குள் யாரோ கைப்பேசிச் செயலி வழியாக, பூங்காவில் சட்டவிரோதமாகத் துணி உலர்த்துகிறார்கள் என்று புகாரே கொடுத்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர்கள் எனக்கு அதை அனுப்பி விளக்கம் கேட்டார்கள். முதலில் சிரித்தேன், அப்புறம் விளக்கம் எழுத உட்கார்ந்து இரவு ஒரு மணி ஆனது.

அதைவிடப் பெரிய சிக்கல் காலை உடற்பயிற்சிக் குழு. எங்கள் சட்டம் நின்ற இடத்தில்தான் பல வருடங்களாகப் பத்திருபது மூத்தவர்கள் தாய் ச்சி செய்கிறார்கள். தளம் பார்க்க நாங்கள் போனது எப்போதும் மதிய நேரம், அலுவலர்களுக்கு வசதியான நேரம். அப்போது அந்தப் புல்வெளி காலியாகக் கிடக்கும். வரைபடத்திலும் காலி இடம்தான். அந்தக் குழுவின் ஆன்ட்டி ஒருவர் என்னிடம் கோபப்படவில்லை. நாங்கள் எங்கே போவது என்று மட்டும் கேட்டார், அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. உங்கள் இடத்தைக் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு பத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு மாலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களிடம் திட்டத்தைச் சொல்லுங்கள். ஐந்து மீட்டர் தள்ளி வைத்திருந்தால் எங்கள் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கும். திறந்த பிறகு தள்ளி வைப்பதற்கு மறுபடி லாரி, மறுபடி பலகை, மறுபடி பொறியாளர். கட்டுப்படியாகவில்லை. அவர்கள்தான் தள்ளிப்போனார்கள்.

ஆகஸ்டில் சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தது, இறந்தவர்களின் ஆவிகள் உலவும் மாதம் என்பார்கள். புளோக்குகளின் கீழே தகரத் தொட்டிகளில் தாள் எரியும், கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரிக்கு மேடை போடுவார்கள், வயதானவர்கள் இரவில் வெளியே துணி காயப்போட மாட்டார்கள். அலையும் ஆவிகள் அதைக் கட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. நானோ பூங்காவில் இரவு முழுக்கச் சேலை தொங்கவிட்டிருக்கிறேன், அதில் சில வெள்ளைச் சேலைகள் வேறு. கணவர் போன பிறகு பாட்டிமார் கட்டியவை. எனக்கு அவைதான் அந்தப் பாதையின் உயிர். ஆனால் சாயங்காலம் பேரனோடு வரும் ஒரு பாட்டி அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தார். நம் ஆட்களுக்கும் அது உறுத்தியது. "மங்களகரமா நாலு பட்டு தொங்கவிடாம, இதை எதுக்கும்மா நடுவுல வெச்சே?" என்று ஓர் அம்மா கேட்டார். இன்னொருவர் இன்னும் நேராக, "பொம்பளைங்க உடம்புல கட்டின சேலையைப் போற வர்றவன் கால்ல படற மாதிரி விடலாமா?" என்றார். நான் விளக்கம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச் சேலைகளை நான் அங்கிருந்து அகற்றவில்லை, அகற்றாததுதான் சரி என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் நாட்காட்டியைப் பார்த்திருந்தால் ஒன்று ஏப்ரல், மே மாதத்தில் வைத்திருப்பேன், அல்லது இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு முன்கூட்டியே தயாராகப் போயிருப்பேன். ஏழாம் மாதம், நோன்பு மாதம், தீபாவளி, பள்ளி விடுமுறை, ஆண்டிறுதி மழை, இந்த ஐந்தையும் நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் தேதிக்குச் சம்மதிக்க வேண்டும். தேசிய தின வாரத்தில் ஒருவர் வந்து ஏன் சிவப்பு வெள்ளையில் வைக்கவில்லை என்று கேட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு யாரோ எடுத்துப் போட்ட படம் ஒன்று ஃபேஸ்புக்கில் சுற்றியது. வரிப்பணத்தில் கிழிந்த துணி என்பதுதான் சாரம். கீழே நூற்றுக்கணக்கில் பேச்சு. என் அம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டார், அதுதான் எனக்கு வலித்தது. அந்த வாரம் நான் பூங்காவுக்குப் போகவில்லை, வகுப்புக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு மாணவனின் தாயார் டீச்சர் அது உங்களதா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி தயங்கினேன்.

இந்த ஊரில் இது புதிதில்லை. 2017இல் ஜாலான் ராஜாவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மாடிப்படிகளில் லசால் கலைக் கல்லூரி மாணவி பிரியகீதா டியா தங்கநிறத் தாள் ஒட்டியபோது, அழகு என்றவர்களும் இருந்தார்கள், பொது இடத்தைக் கேட்காமல் தொடலாமா என்றவர்களும் இருந்தார்கள். அனுமதி பெறாத வேலை என்று நகர மன்றமும் சொன்னது. அப்போது நானும் தோழிகளும் அனுமதி வாங்கியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது என்று பேசிக்கொண்டோம். நான் எல்லா அனுமதியும் வாங்கித்தான் வைத்தேன். அனுமதித் தாள் என் கோப்பில் இருந்தது, நடந்துபோகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

தெரிந்த நண்பர் ஒருவர்தான் நியூயார்க் கதையைச் சொன்னார். 2005 பிப்ரவரியில் கிறிஸ்டோவும் ஜான் கிளாடும் சென்ட்ரல் பார்க்கின் நடைபாதைகள் மேல் காவித் துணி தொங்கும் 7,503 வாயில்களை 16 நாளுக்கு நிறுத்தினார்கள். முதலில் கேட்டபோது 1981இல் நகரம் மறுத்துவிட்டது, இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்து செய்த வேலை. செலவு முழுவதும் அவர்களுடையது, நகரத்தின் பணம் ஒரு காசு இல்லை. அங்கேயும் குளியலறைத் திரை என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். எனக்கு இதில் உபயோகமான செய்தி வேறு. அவர்கள் கூலி கொடுத்து ஆட்களைப் பூங்காவில் நிறுத்தினார்கள். நுனியில் டென்னிஸ் பந்து செருகிய நீளக் கழியால் சுருண்ட துணியை எடுத்துவிடுவது, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, அதே துணியின் சிறு துண்டுகளை இலவசமாகக் கொடுப்பது அவர்கள் வேலை. அத்தனை பெரிய ஆட்களே திறந்த பிறகு ஆள் நிற்க வேண்டும் என்று பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் 12,000 வெள்ளிக் கணக்கில் அப்படி ஒரு வரியே கிடையாது. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்களா தெரியாது, ஆனால் கேட்கவாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அன்றிரவே ஒரு பலகை எழுதினேன். ஏற்பாட்டாளர்கள் வைத்திருந்த அதிகாரப்பூர்வப் பலகையில் நினைவு, உடல், புலம்பெயர்வு என்று ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ இருந்தது. நான் எழுதிக்கொடுத்ததுதான், அதை யாரும் படிக்கவில்லை. புதுப் பலகையில் நான்கு மொழியிலும் ஐந்தே விஷயம். இது என்ன, யார் செய்தது, யார் அனுமதித்தது, எந்தத் தேதியில் எடுப்பார்கள், ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எந்த எண்ணில் கூப்பிடுவது. கூடவே, சேலையைத் தொடலாம், இழுக்கக் கூடாது என்று ஒரு வரி. சீனத்தையும் மலாயையும் சமூக மன்ற நண்பர்கள் சரிபார்த்தார்கள். ஒப்புதல் வாங்கச் சில நாள் ஆனது. பலகை நின்றதும் புகார்கள் கண்கூடாகக் குறைந்தன. குறிப்பாக எடுக்கும் தேதி. பிடிக்காதவர்கள்கூட, சரி, அடுத்த மாதம் போய்விடுமாம் என்று நகர்ந்துபோனார்கள். தொலைபேசி எண் மட்டும் உங்கள் சொந்த எண்ணாக இருக்க வேண்டாம். பத்து வெள்ளிக்கு ஒரு முன்கட்டண சிம் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் அணைத்துவைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதாமல் போக முடியாது. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்கள் அந்த நிழலில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், வீட்டுக்கு வீடியோ காலில் சேலைகளைக் காட்டினார்கள். விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு சுங்குடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் ஊரில் இதை எத்தனை முடிச்சுப் போட்டுச் சாயம் முக்குவார்கள் என்று விளக்கினார். அதோடு நிறுத்தாமல் மேலே பார்த்து, "அக்கா, இந்தக் கட்டு நிக்காது. யாரு கட்டுனது?" என்றார். சாரம் கட்டுவதுதான் அவர் தொழிலாம். அலுமினியக் குழாயில் கயிறு வழுக்கும், இரண்டு சுற்றுச் சுற்றிக் குறுக்கே ஒன்று போட வேண்டும் என்று சொல்லி, ஒரு மூலையை அவரே அவிழ்த்துக் கட்டிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் மீதியை நான் அதேபோல் கட்டினேன். பின்னால் வந்த காற்றில் நின்றது அந்தப் பக்கம்தான். நிறுவ வந்த குத்தகைக்காரரிடம் 3,500 வெள்ளி கொடுத்துக் கிடைக்காத அறிவு இது. அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அவர்கள் அங்கே படுத்திருப்பதைப் பற்றியும் புகார் வந்தது. அதற்கு நான் விளக்கம் எழுத மறுத்துவிட்டேன். நிழலில் உட்காரத்தானே பூங்கா?

பிள்ளைகள் சேலையைப் பிடித்து ஊஞ்சலாடுவார்கள், அதைத் தடுக்க முடியாது. மேல்கட்டு பிள்ளையின் எடைக்கு அறுந்து விழும்படி இருக்க வேண்டுமா, தாங்கும்படி இருக்க வேண்டுமா என்று பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடிகள் பின்னணிக்கு ஏற்றபடி சேலைகளை இடம் மாற்றிக் கட்டிவிட்டுப் போவார்கள். காஞ்சிபுரம் ஒன்று காணாமலே போனது, அது எந்தப் பக்கம் போனதோ.

இனி மழை. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் அடிக்கும் காற்றைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசக்கூடியது. நான்கு சுவருக்குள் படுத்திருக்கும்போது அது வெறும் சத்தம். புல்வெளியில் சேலை தொங்கும்போது ஒவ்வொரு இடிக்கும் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நாள் விடியலில் அழைப்பு வந்தது, அந்தத் தாய் ச்சி ஆன்ட்டிதான். பலகையில் இருந்த எண்ணில் கூப்பிட்டு, உன் துணியெல்லாம் விழுந்து கிடக்கிறது, சீக்கிரம் வா என்றார். கீழே கட்டியிருந்த சன்ன நூல்கள் சொன்னபடி அறுந்திருந்தன. ஆனால் நனைந்த பருத்திச் சேலை காய்ந்த சேலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். அது காற்றில் அடித்து, ஒரு பக்கத்துக் குறுக்குக் குழாய்களை வளைத்திருந்தது. யாருக்கும் அடிபடவில்லை, விடியலாக இருந்ததால் பிழைத்தோம். பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை கயிறு கட்டி மூடிவைக்கச் சொன்னார்கள். அவருடைய இரண்டாம் வருகைக்கு 600, சட்டத்தைச் சரிசெய்ய 1,800. காப்புறுதி மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் பணம் தரும், நம் படைப்புக்குத் தராது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் இந்த ஒரு வரியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரத்தோடு வேறு இரண்டு தொல்லைகள் வந்தன. பூஞ்சை பிடித்து நாற்றம் அடித்தது. இந்த ஈரப்பதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் துணி காய்வதே இல்லை. இன்னொன்று கொசு. சட்டத்தின் நிமிர்ந்த குழாய்களின் வாய் மேலே திறந்திருந்தது, உள்ளே மழைநீர் நின்றது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். நடக்க வந்த ஓய்வுபெற்ற ஒருவர் குழாயைத் தட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று எச்சரித்தார். அன்றே எல்லா வாயிலும் மூடி போட்டோம். ஆய்வுக்கு வருகிறவர் கண்டுபிடித்திருந்தால் அபராதம்தான். மூடி ஒன்று சில காசுதான். குழாய், கட்டையின் பள்ளம், பின்னால் மடித்து வைத்த தார்ப்பாய், தண்ணீர் நிற்கக்கூடிய எதையும் நிறுவும் அன்றே பாருங்கள்.

நாற்றம், காற்று, ஒரு பக்கம் மூடிவைத்தது எல்லாம் சேர்ந்து, குறித்த தேதிக்கு முன்னாலேயே எடுத்துவிடலாம் என்று ஏற்பாட்டாளர்கள் முடிவுசெய்தார்கள். மின்னஞ்சலில் நாலு வரி. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதேசமயம் அன்றிரவு மழை பெய்தபோது எழுந்து உட்காராமல் தூங்கினேன் என்பதும் உண்மை.

எடுத்த பிறகுதான் புல் தெரிந்தது. கான்கிரீட் கட்டை இருந்த இடமெல்லாம் மஞ்சள் சதுரம். முன்பு இருந்தபடி ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, புல் மாற்ற 1,400 வெள்ளி. அது முடிந்து ஆய்வு ஆகும் வரை என் கடைசித் தவணை வராது. அதற்குள் உலர்சலவைக்காரர், லாரிக்காரர் எல்லாரும் பணம் கேட்டு நின்றார்கள். தவணை எப்படிப் பிரிக்கப்படுகிறது, கடைசித் தவணை எதைப் பொறுத்தது என்று ஆரம்பத்தில் பாருங்கள். கடைசியில் வருவது 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பேரம் பேசுங்கள். கட்டைக்கு அடியில் சின்னத் தாங்கி வைத்து இடைவெளி விட்டால் புல் கொஞ்சம் பிழைக்குமாம், இது புல் மாற்ற வந்தவர் சொன்னது.

சேலைகளை உலர்சலவைக்குக் கொடுக்க 900 வெள்ளி ஆனது. அப்படியும் சிலவற்றில் பூஞ்சைக் கறை போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அவருடைய அம்மாவின் சேலை அதில் ஒன்று. திரும்ப வேண்டும் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார், மடித்து வைத்தார், கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இப்போதும் மின்தூக்கியில் பார்த்தால் பேசுகிறோம், முன்போல் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு அல்ல. எழுதி வாங்குங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

திறந்த பிறகு ஆன செலவை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். சட்டம் சரிசெய்ய 1,800, பொறியாளர் 600, தீத்தடுப்புத் திரவம் மறுபடி 500, உலர்சலவை 900, புல் 1,400, வார இறுதிகளில் நிற்க அழைத்த இரண்டு மாணவர்களுக்குக் கூலி 700. மொத்தம் 5,900. எனக்கென்று ஒதுக்கியிருந்த 1,900 அதில் கரைந்துபோனது, மீதி கைக்காசு. நான் அங்கே நின்ற நேரத்துக்குக் கணக்கே போடவில்லை.

சென்ற மாதம் வேறொரு பூங்காவுக்காக வேறொருவர் விலை கேட்டார். விலைப்பட்டியலில் திறப்புக்குப் பிந்திய பராமரிப்பும் ஆள் கூலியும் என்று தனி வரியாக 6,000 வெள்ளி போட்டு அனுப்பினேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது, வேண்டுமானால் படைப்பைச் சின்னதாக்குகிறேன் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.